ஐந்தரை மணி மாத்திரை

என் கிளினிக் கொப்பியின் பதினோராம் பக்கத்தில் சிவப்பு மையில், ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. நோயாளி மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை என்பது அதன் பொருள். எழுதிய டாக்டர் இளைஞர், மரியாதையானவர், கோபப்படாமல்தான் எழுதினார். ஆனால் அந்த வரி உண்மையல்ல. பதினான்கு மாதங்களில் நான் ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை.

பதினேழு வருடமாக ஒரு தமிழ் நாளிதழுக்கு பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டப் பகுதிச் செய்தியாளராக இருக்கிறேன். அதற்கு முன் கொழும்பில் துணை ஆசிரியராக இருந்தேன். கல்யாணம் இங்கே இழுத்து வந்தது. மற்றவர்கள் சொன்னதைச் சரிபார்ப்பது என் தொழில். என் உடம்பைப் பற்றி ஒரு பிழையான செய்தி கொப்பியில் ஏறியபோது அதையும் சரிபார்க்கத்தான் வேண்டியிருந்தது. எப்படிச் சரிபார்த்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். இந்த மலைப்பக்கத்தில் தைரொய்டு மாத்திரை போடுகிற பெண்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருத்திக்காவது இது உதவும்.

நோய் குளிராக வந்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும்தான் குளிரும். அதனால் யாரும் கவனிக்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததை என் கணவர் கதிர்வேல் மட்டும் ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு குரல் கரகரத்தது. தொலைபேசியில் செய்தி சொன்னால் ஆசிரியர் பீடத்தில் "யாரு பேசுறது?" என்று கேட்டார்கள். முகம் ஊதியது. புருவத்தின் வெளிமுனை உதிர்ந்தது. எட்டு மணித்தியாலம் தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் போலிருந்தேன். ஒருநாள் ஒரு தோட்டத்தின் மேல்பிரிவில் நடந்ததைக் கீழ்ப்பிரிவில் நடந்ததாக எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் பத்திரிகையில் என் பெயரில் ஒரு திருத்தம் வந்தது. பதினேழு வருடத்தில் அதுதான் முதல் திருத்தம்.

கதிர்வேலின் அம்மா, என் மாமி, அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார். "நாள் பூரா நாற்காலியில உக்காந்து டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருந்தா ஒடம்பு ஊதாம என்ன செய்யும்? எங்க கூட கடைக்கி வந்து ரெண்டு மூட்டை தூக்கச் சொல்லு, கதிரு. எல்லாம் சரியாப் போயிரும்."

பஜார் டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, இரத்தம் எடுக்க அனுப்பினார். முடிவு மூன்று வரியில் வந்தது. முதல் வரி டீஎஸ்எச்: முப்பத்தெட்டு. நாலரைக்குள் இருக்க வேண்டியது அது. இரண்டாம் வரி, தைரொய்டுக்கு எதிரான எதிர்ப்பான்கள் மிக அதிகம். மூன்றாம் வரி, வெறும் வயிற்றுச் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது.

இந்த மூன்றையும் எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். தைரொய்டு, தொண்டையின் அடியில் உள்ள ஒரு சிறிய சுரப்பி. உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று அதுதான் தீர்மானிக்கிறது. கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் சொந்தப் பாதுகாப்புப் படை, சில பேருக்கு ஆள் தெரியாமல் இந்தச் சுரப்பியைத் தாக்கத் தொடங்கும். அதன் ஆயுதங்கள்தான் எதிர்ப்பான்கள். அடிபட்ட சுரப்பி மெதுவாகும். அப்போது மூளையின் அடியிலிருந்து "வேலை செய், வேலை செய்" என்று ஒரு கட்டளை வரும். அந்தக் கட்டளையின் பெயர் டீஎஸ்எச். கங்காணியின் சத்தம் கூடினால் மலையில் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். அதேபோல் இந்த எண் கூடக்கூட சுரப்பி சோம்பிக்கிடக்கிறது என்று பொருள். மருந்து எளிது: சுரப்பி தராத ஹார்மோனை மாத்திரையாக வாயால் போடுவது. வாழ்நாள் முழுக்க.

எனக்குப் பயம் தந்தது மூன்றாவது வரி. என் அம்மாவுக்குச் சீனி வியாதி. ஒரு சிறு கல் குத்திய புண், பிறகு பெருவிரல், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று மூன்று தடவையாக அவருடைய வலது காலை எடுத்தார்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். எல்லைக்கோடு என்ற சொல்லைப் படித்ததும் என் கண் தானாக என் வலது காலைத்தான் பார்த்தது.

டாக்டர், மாச்சத்தைக் குறையுங்கள் என்றார். அரிசி, கோதுமை மா, சீனி, உருளைக்கிழங்கு. நான் அன்றைக்கே நிறுத்தினேன்.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் வீட்டைத் தெரிய வேண்டும். கதிர்வேலின் தாத்தா காலத்திலிருந்து பஜாரில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. கீழே கடை, மேலே வீடு. வாசலில் முதலில் தெரிவது கோதுமை மா மூட்டை அடுக்கு. தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் காலையில் சுடுகிற ரொட்டியில் பாதி எங்கள் மாவாக இருக்கும். அந்த வீட்டு மருமகள் மாவைத் தொடமாட்டேன் என்றாள்.

"ஏன்டி, பஜார்ல என்ன பேசுவாங்க?" என்றார் மாமி. "கடைக்காரி அவ கடை மாவையே திங்கிறதில்லைன்னா, மாவுல வண்டு கெடக்குன்னுதான நெனைப்பாங்க?"

"யாருக்கும் சொல்ல வேணாம் மாமி."

"நீ பேப்பர்காரி. நீ சொல்லாட்டியும் தெரிஞ்சிரும்."

காலையில் முட்டை, மதியம் கோவா, போஞ்சி, லீக்ஸ் என்று மரக்கறி, மீன், தேங்காய்ச் சம்பல், மாலையில் வறுத்த கச்சான் கடலை கொஞ்சம். முதல் இரண்டு வாரம் தலைவலி, எரிச்சல். மூன்றாவது வாரம் உடம்பு பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: காலையில் ரொட்டி இல்லாமல் சம்பலைப் பார்ப்பது. தட்டில் சம்பல் தனியாகக் கிடப்பதைப் பார்த்து ஒருநாள் நான் அழுதேன். அதைச் சொல்ல வெட்கமில்லை.

கதிர்வேல் அதைப் பார்த்துவிட்டார். அவர் அதிகம் பேசாதவர். அடுத்த வாரம் கண்டியிலிருந்து வந்த சரக்கோடு ஒரு சின்னப் பை இறங்கியது. சோயா மா. மாச்சத்து குறைவு, புரதம் அதிகம் என்று யாரிடமோ விசாரித்திருக்கிறார். அதில் தேங்காய்ப்பூவும் ஒரு முட்டையும் சேர்த்துப் பிசைந்து, மூன்று நாள் கருக்கி, நாலாம் நாள் ஒரு நல்ல ரொட்டி சுட்டார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலை ஐந்தரைக்கு, கடை திறப்பதற்கு முன், ஒரு கையில் சீனி போடாத பால் தேத்தண்ணி, மறுகையில் தட்டு. தட்டில் சூடான சோயா ரொட்டி, ஓரத்தில் என் தைரொய்டு மாத்திரை.

"எந்திரி மேகலா. தேத்தண்ணி ஆறுது."

கல்யாணமாகி பதினேழு வருடத்தில் அவர் எனக்குப் படுக்கையில் தேத்தண்ணி தந்தது அதுதான் முதல் தடவை. மாத்திரையை வாயில் போட்டு, அவர் தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்து விழுங்குவேன். பிறகு ரொட்டி. இந்த ஊரில் தண்ணீர் குடித்து நாளைத் தொடங்குகிறவர் யாரும் எனக்குத் தெரியாது. வெறும் வயிற்றில் போடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் வயிறு வெறும் வயிறாகத்தான் இருந்தது. தேத்தண்ணியை இங்கே யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. சீனி எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது. ஆனால் டீஎஸ்எச் வேறு வழியில் போனது. மாத்திரை தொடங்கியதும் முப்பத்தெட்டிலிருந்து பதினான்குக்கு இறங்கிய எண், சோயா ரொட்டி வந்த பிறகு இருபத்திரண்டு, முப்பத்தொன்று, நாற்பத்தாறு என்று ஏறியது. டாக்டர் மாத்திரையின் அளவை ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து, நூறு, நூற்றைம்பது மைக்ரோகிராம் என்று கூட்டிக்கொண்டே போனார். கூட்டக்கூட எண்ணும் ஏறியது. இப்போது எழுதும்போது இது எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது! அப்போது சோயா ரொட்டி வந்த தேதியையும் எண் ஏறிய தேதியையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பிறர் விவகாரத்தில் தேதி பார்ப்பேன். என் தட்டில் பார்க்கவில்லை.

பஜார் டாக்டர் என்னை அனுப்பியிருந்த பெரிய ஆஸ்பத்திரியின் கிளினிக் மாடியில். காலை ஆறு மணிக்கு வரிசை எண் எடுத்தால் பத்தரைக்கு உள்ளே போகலாம். அன்றைக்கு அந்த இளம் டாக்டர் கொப்பியைப் புரட்டினார். நாற்பத்தாறைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாத்திரை போடுறதா?"

"ஒவ்வொரு நாளும் போடுறேன்."

"ஒவ்வொரு நாளும்?" அவருடைய தமிழ் கவனமான தமிழ். "நூத்தி அம்பது போட்டா நாப்பத்தி ஆறு வராது. சில பேர் மறக்கிறாங்க. சில பேர் சாப்பாட்டு வைத்தியம் செஞ்சா மருந்து வேணாம்னு நெனைக்கிறாங்க."

"நான் நினைக்கலை."

அவர் சிவப்புப் பேனையை எடுத்தார். எழுதிவிட்டுச் சொன்னார்: "முதல்ல இந்த சாப்பாட்டு முறை நிப்பாட்டுங்க. சோறு சாப்பிடுங்க. ஆறு கிழமையில இரத்தம் பாப்பம். குறையலன்னா வார்டுல வச்சி நாங்க மாத்திரை குடுப்பம்."

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். சாப்பாட்டு முறையை விட்டால் சீனி ஏறும். அம்மாவின் காலை நினைக்காமல் ஒரு நாள் போகாது. விடாவிட்டால் தைரொய்டு கெட்டதற்கு என் பிடிவாதம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். எனக்கு ஆறு வாரம் இருந்தது.

வீட்டில் மாமி ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார். "நான்தான் அன்னைக்கே சொன்னேன். சோறு திங்காத ஒடம்பு ஒடம்பா? நாளைக்கி நான் ஆக்குறேன். நீ திங்கிற. கதிரு, நீ பேசாத."

மறுநாள் ஐந்தரைக்கு மாத்திரையோடு சோயா ரொட்டிதான் வந்தது. கதிர்வேல் என் பக்கம் என்று அதற்கு அர்த்தம். நான் தின்றேன்.

மூன்றாவது கிழமை, பஸ் சேவை நின்றுபோன ஒரு மேல்பிரிவுக்குச் செய்தி எடுக்கப் போனேன். ஏற்றத்தில் பாதி வழியில் கால்கள் என் சொல் கேட்பதை நிறுத்தின. வலி இல்லை, மயக்கமும் இல்லை. மெதுவாக வீதி ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்தேன். தேயிலைக் கொழுந்து ஏற்றி வந்த லொறி நின்றது. கொழுந்து மூட்டைகளுக்கு மேல் என்னைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோனார்கள். பச்சைக் கொழுந்தின் வாசனை மூக்கு முழுக்க. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு என்று தாதி சொன்னது காதில் விழுந்தது. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். கை வரவில்லை.

பெண்கள் வார்டில் பதினோராவது கட்டில். முதல் இரண்டு நாள் சோதனைகள். நெஞ்சில் கம்பிகள் ஒட்டி இதயத்தின் துடிப்பைக் கோடாக வரைந்தார்கள். பிறகு எக்கோ: ஒலியலையால் இதயத்தைத் திரையில் காட்டும் கருவி. என் இதயத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் ஒன்று தெரிந்தது. நீர் என்றார்கள். தைரொய்டு ஹார்மோன் நீண்ட நாள் போதாமல் போனால் இதயத்தைச் சுற்றியும் நீர் சேரலாமாம். அந்தக் கறுப்பு வளையத்தைப் பார்த்த நிமிடத்தில்தான் உண்மையாகப் பயந்தேன். கதிர்வேல் அறைக்கு வெளியே நின்றார். வெளியே வந்ததும் "என்னவாம்?" என்றார். "தண்ணி" என்றேன். "தண்ணின்னா வத்திரும்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் நகரத்தில் ஒரு மொத்த வியாபாரியின் கடையில் தங்கிக்கொண்டார். வார்டில் காலை ஆறு மணிக்கு, வீட்டிலிருந்து வந்த தேத்தண்ணியைக் கொடுக்க விடுவார்கள். மூன்றாம் நாள் காலை அவர் பிளாஸ்க்கோடு வந்தபோது, தாதியும் மருந்துத் தள்ளுவண்டியோடு வந்தார். அவர் ஒரு சிங்களப் பெண், நாற்பது வயதிருக்கும், உயரம். என் கொப்பியின் சிவப்பு வரியைப் படித்துவிட்டு வார்டு டாக்டர் ஓர் உத்தரவு போட்டிருந்தார்: இந்த நோயாளி மாத்திரையைத் தாதியின் கண்முன்னால் விழுங்க வேண்டும். அதனால் தாதி என் கட்டிலருகே நின்றார். மற்றக் கட்டில்களில் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

எனக்கு அவமானமாக இருந்தது. பார், எவ்வளவு ஒழுங்காக விழுங்குகிறேன் என்று காட்டுவதற்காக, மாத்திரையை நாக்கில் வைத்து, பிளாஸ்க் மூடியில் ஊற்றிய தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோனேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அம்மே! தே எபா!" தேத்தண்ணி வேண்டாம். "வத்துர. இஸ்ஸெல்லா வத்துர, பஸ்ஸே தே." முதலில் தண்ணீர், பிறகுதான் தேத்தண்ணி. எவ்வளவு நேரம் பிறகு என்று கேட்டேன். ஒரு விரலைக் காட்டினார். "எக பெயக்." ஒரு மணித்தியாலம்.

பக்கத்துக் கட்டிலில் பாக்கியம், கொழுந்து எடுப்பவர், மூச்சிரைப்புக்காக வந்திருந்தார். எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி! தேத்தண்ணியத் தட்டிப்பறிக்கிறா பாரு. நீங்க பேப்பர்ல எழுதுங்கக்கா!"

"பொறுங்க அக்கா" என்றேன். "நான் வேற ஒண்ணு எழுதணும்."

என் பையில் குறிப்புப் புத்தகம் இருந்தது. ஒரு சம்பவத்தைப் பற்றிச் சாட்சியிடம் கேட்பது போல என்னையே கேட்டு எழுதினேன். எத்தனை மணிக்கு? எதோடு? அடுத்து என்ன? யார் தந்தது? எப்போதிலிருந்து? ஐந்தரை: மாத்திரை, பால் தேத்தண்ணி. ஐந்து நாற்பது: சோயா ரொட்டி இரண்டு. எதிர்ப்பக்கத்தில் இரத்தச் சோதனைத் தேதிகளையும் எண்களையும் எழுதினேன். சோயா மா வந்த மாதத்துக்குக் கீழே கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்கு மேலே எண் இறங்கியிருந்தது. கீழே ஏறியிருந்தது.

அன்று பத்து மணிக்கு விசேட வைத்திய நிபுணர் வந்தார். யாழ்ப்பாணத்து அம்மா, நரைத்த தலை, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. பின்னால் ஐந்தாறு டாக்டர்கள். கொப்பியை வாசித்தார்.

"மாத்திரைய என்னத்தோட விழுங்கிறனீங்கள்?"

பதினான்கு மாதத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். பிறகு பின்னால் நின்றவர்களிடம் நீட்டினார்.

"பாருங்கோ. இவ ஒரு நாளும் விட இல்லை. மாத்திரை வயித்துக்குப் போயிருக்கு, இரத்தத்துக்குப் போகேல்லை."

அவர் எனக்கு விளக்கியது இது: இந்த மாத்திரை நொய்ந்த சரக்கு. வயிறு வெறுமையாக இருந்தால்தான் குடல் அதை நன்றாக உறிஞ்சும். தேநீர், பால், எல்லாவற்றுக்கும் மேலாக சோயா, அதைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலோடு வெளியே கொண்டுபோய்விடும். நான் விழுங்கிய நூற்றைம்பதில் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

"அப்ப சாப்பாட்டு முறையை விடணுமா டொக்டர்?"

"ஏன் விட வேணும்? உங்கட சீனி குறைஞ்சிருக்கு, நிறை குறைஞ்சிருக்கு. அது நல்ல விசயம். ஆனா ஒரேயடியா வெட்டினது கூடிப்போச்சு. மத்தியானம் ஒரு கோப்பை சிவப்பரிசிச் சோறு சாப்பிடுங்கோ. சோயா ரொட்டிய நாலு மணித்தியாலமாவது கழிச்சு, மத்தியானம் தின்னுங்கோ, விடியப்புறம் வேண்டாம். ஒண்டு மட்டும் விளங்கிக்கொள்ளுங்கோ: சாப்பாடு இந்த வருத்தத்தை மாத்தாது. மாத்திரைதான்."

மாத்திரையின் அளவையும் நூறாகக் குறைத்தார். ஒழுங்காக உள்ளே போகத் தொடங்கினால் நூற்றைம்பது எனக்கு அதிகம்; நின்றுபோகப் பார்த்த இதயம் அப்புறம் ஓடத் தொடங்கிவிடும் என்றார். பின்னால் நின்ற ஒரு டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். வார்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கதிர்வேலிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. பகல் பார்வை நேரத்தில் வந்தார். கையில் ஒரு பொட்டலம். மொத்த வியாபாரி வீட்டு அடுப்பை இரவல் வாங்கி சோயா ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தார்.

பாக்கியம் முந்திக்கொண்டார். "அண்ணே, அந்த ரொட்டிதான் கள்ளன்னு கண்டுபிடிச்சிட்டாங்க!"

அவர் முகம் விழுந்தது. நான் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப நான்தான் இவ்வளவு நாளும்..."

"நீங்க இல்லைங்க. நேரந்தான். மணி பாருங்க, பன்னெண்டரை. மாத்திரை போட்டு ஆறு மணித்தியாலம் தாண்டிருச்சு. பிரிங்க, பசிக்குது."

இரண்டு ரொட்டியையும் அவர் முன்னால் தின்றேன். ஒரு துண்டு பாக்கியத்துக்கும் போனது. "கள்ளன் நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் காலை ஐந்தரைக்குக் கதிர்வேல் ஒரு தம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்தார். பிறகு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஆறரை மணிவரை தேத்தண்ணி இல்லை. இருவரும் என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தோம். மூன்றாம் நாளிலிருந்து அந்த ஒரு மணித்தியாலத்தில் பத்திரிகை வாசித்தோம்; அவர் வாசிக்க நான் கேட்டேன். என் செய்திகளை அவர் ஒன்றுவிடாமல் வாசித்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. மேல்பிரிவு கீழ்ப்பிரிவுத் திருத்தத்தையும்தான். "எனக்கு அன்னைக்கே தெரியும், உனக்கு ஏதோ சரியில்லைன்னு" என்றார்.

மாமி மதியம் சிவப்பரிசிச் சோற்றை அளந்து போட்டார். ஒரு கோப்பை என்றால் அவருக்குக் குவித்த கோப்பை. நான் மேலே உள்ளதைத் தட்டித் தட்டிக் குறைப்பேன். அவர் மறுபடி குவிப்பார். இந்தச் சண்டை இன்றும் நடக்கிறது.

இரண்டாவது கிழமை ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினேன். நாலாவது கிழமை ஆசிரியர் பீடத்தில் தொலைபேசியை எடுத்தவர் "மேகலாவா?" என்று கேட்டார். ஆறாவது கிழமை இரத்தம் கொடுத்தேன்.

முடிவை வாங்கும் கியூவில் காகிதத்தை மடித்தபடியே வைத்திருந்தேன். செய்தியைத் தலைப்பு தெரியாமல் கையில் வைத்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. கதிர்வேல் வாங்கிப் பிரித்தார். அவருக்கு ஆங்கிலம் குறைவு, எண் தெரியும்.

"ஆறு புள்ளி ரெண்டு."

"நாப்பத்தாறுலேர்ந்தா?"

"ஆறு புள்ளி ரெண்டுதான். நான் என்ன பொய்யா சொல்றேன்?" ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில், அத்தனை பேருக்கு முன்னால், அந்தப் பேசாத மனிதர் சத்தமாகச் சிரித்தார்.

அடுத்த ஆறு கிழமையில் மூன்று புள்ளி ஒன்று. சீனி எல்லைக்கோட்டுக்கு நன்றாகக் கீழே. எக்கோவில் கறுப்பு வளையம் இல்லை. எதிர்ப்பான்கள் இன்னும் அதிகமாகத்தான் இருக்கின்றன. நோய் போகவில்லை, போகாது. ஆனால் அது இப்போது என் வீட்டில் ஒழுங்காக வாடகை கொடுத்துக் குடியிருக்கிற ஆள் மாதிரி.

கிளினிக்கில் இளம் டாக்டரிடம் வார்டில் நடந்ததைச் சொன்னேன். குற்றம் சாட்டவில்லை, தேதிகளை மட்டும் காட்டினேன். அவர் முகம் சிவந்தது. கொப்பியைத் திறந்து, சிவப்பு வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். நான் பார்த்த திருத்தங்களில் இவ்வளவு நேர்மையானது குறைவு.

பிறகு கேட்டார்: "நீங்க பத்திரிகைதானே? இங்க வரிசையில இருக்கிற எல்லாரும் தேத்தண்ணிகாரங்க. ஒரு போர்டு எழுதித் தருவீங்களா? தமிழ்ல."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முதல் வரைவு ஒன்பது வரி. வெட்டி வெட்டி மூன்றாக்கினேன். 'தைரொய்டு மாத்திரையைத் தண்ணீருடன் மட்டும் விழுங்கவும். ஒரு மணித்தியாலம் கழித்துத் தேநீர், சாப்பாடு. சோயா நான்கு மணித்தியாலம் கழித்து.' தாதி அதைக் கதவில் ஒட்டினார்.

வரிசையில் முன்னால் நின்ற பெண் சத்தமாக வாசித்தார். தலையில் துவாய், கையில் கொப்பி. தோட்டத்தில் வேலை செய்பவர் என்று பார்த்தாலே தெரிந்தது. பின்னால் நின்றவர் கேட்டார்: "ஒரு மணித்தியாலமா? ஏழு மணிக்குப் பெரட்டுல பேர் குடுக்கணும். தேத்தண்ணி குடிக்காம எவ மலைக்கிப் போவா? யாரு இத எழுதினது? பஜார்க்காரியாத்தான் இருக்கும்."

நான் வாயைத் திறக்கப் போனேன். முன்னால் நின்றவர் திரும்பினார்.

"அட, நாம எத்தனை மணிக்கு எந்திரிக்கிறோம்? நாலு மணிக்கி. எந்திரிச்சதும் தண்ணியில மாத்திரையப் போட்டுட்டு அடுப்பப் பத்த வையி. புள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு, சம்பல் அரைச்சி, சோறு கட்டி முடிக்கயில அஞ்சு தாண்டிருது. அப்ப ஆசையா உக்காந்து குடி. பாவம், பஜார்க்காரிதான் ஒரு மணித்தியாலம் சும்மா உக்காந்து கெடக்கணும்."

வரிசை சிரித்தது. நான் பேனையை எடுத்து, கதவில் ஒட்டியிருந்த தாளில், 'விழுங்கவும்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தேன்: 'எழுந்தவுடன்'.